இரண்டாயிரத்தில் ஒரு நாற்காலி

வருங்காலத்துக்குத் துணி தைப்பதில் எங்கள் குடும்பத்துக்கு மூன்று தலைமுறை அனுபவம். சிரிக்காதீர்கள். உத்திரமேரூர் கடைத்தெருவில் டெய்லர் வேதகிரி என்று கேட்டுப் பாருங்கள். நான் நன்றாகத் தைப்பேனா என்பதில் இரண்டு அபிப்பிராயம் இருக்கலாம். எனக்கு வாய் நீளம் என்பதில் ஒரே அபிப்பிராயம்தான்.

தாத்தா காலத்தில் வருங்காலம் என்றால் கலி முற்றுவது. கலி முற்ற முற்ற மனிதன் குட்டையாகிக்கொண்டே போய், கடைசியில் கத்திரிச் செடிக்கு ஏணி வைத்துக் காய் பறிப்பான் என்பார்கள். ஒரு திருவிழாவில் அதை வேஷம் கட்டியே காட்டினார்களாம். சின்னப் பிள்ளைகளுக்கு மீசை வரைந்து, பெரிய மனிதர்கள் மாதிரி சட்டை போட்டு, கத்திரிச் செடியில் ஏணி சாத்தி ஏற விட்டிருக்கிறார்கள். தாத்தா தைத்த அந்த ஒரு சாண் சட்டைகள் வெகுநாள் எங்கள் வீட்டில் அடுப்புத் துணியாகக் கிடந்தன.

அப்பா காலத்தில் வருங்காலம் நிமிர்ந்துவிட்டது. வெள்ளைக்காரன் இன்னும் மூட்டை கட்டாத நாள். ஒரு பள்ளிக்கூடத்து வாத்தியார், முப்பது வருஷம் கழித்து ஊர் எப்படி இருக்கும் என்று நாடகம் போட்டார். சுயராஜ்யம் வந்துவிடும். ஏரிக்கரையில் ஆகாய விமானம் இறங்கும். ஏறிக் காஞ்சிபுரம் போய் இட்லி தின்றுவிட்டு, வெயில் ஏறுவதற்குள் திரும்பிவிடலாம். விமானத்திலிருந்து இறங்குகிற மிராசுதாருக்கு அப்பா ஜரிகை வைத்துக் கோட்டு தைத்தார். அவருக்குக் குடை பிடிக்க ஒருவன், வெற்றிலைப் பெட்டி தூக்க ஒருவன், செருப்பைக் கையில் ஏந்திப் பின்னால் ஓட ஒருவன். அவர்களுக்கு ஆளுக்கு ஒரு அழுக்கு முண்டு. வருங்காலத்தில் பாதிப் பேருக்குத் தையலே இல்லையே என்று அப்பா குறைப்பட்டுக்கொண்டார்.

சுயராஜ்யம் வந்தது. விமானம் வரவில்லை. காஞ்சிபுரம் பஸ்ஸே அதற்குத் தோன்றுகிற நேரத்தில்தான் வரும்.

அடுத்தது என் முறை. ருஷ்யாக்காரன் ஒருவன் வானத்தில் ஏறி, பூமியை ஒரு சுற்று சுற்றிவிட்டு இறங்கினானே, அந்த வருஷம். பஞ்சாயத்து யூனியன் ஆபீசில் வளர்ச்சி விழா என்று ஏற்பாடு செய்தார்கள். காலையில் உரம், விதை, ஒட்டுரகக் கோழி எல்லாம் கண்காட்சி. விளக்கு வைக்கிற நேரத்தில் ஒரு நாடகம். நாடகத்தை எழுதியவர் யூனியன் ஆபீஸ் கிளார்க் கிருஷ்ணசாமி. காற்றடித்தால் பறந்துவிடுகிற மாதிரி உடம்பு. ருஷ்யாக்காரன் பறந்ததிலிருந்து மனிதருக்கு இருப்பே கொள்ளவில்லை. கிணறு வெட்டப் பணம் கேட்டு ஆபீசுக்கு வந்த குடியானவனிடம், "இன்னும் கொஞ்ச நாள்ல சந்திரன்ல தண்ணி எடுக்கப் போறான்யா" என்று சொல்லி அனுப்பியவர் அவர்.

நாடகத்தின் பெயர் 'கி.பி. இரண்டாயிரம்'. கதை சுருக்கம்தான். உத்திரமேரூரிலிருந்து சந்திரனுக்கு ஆகாயக் கப்பல் போகிறது. அதன் தலைவர் வானவேந்தன். கப்பலில் அவருக்கு ஒரு பெரிய ஆசனம். அவர் ஆசனத்தில் அமர்ந்தபடியே கட்டளை போடுவார். தகரத்தால் ஆன இரும்பு மனிதன் ஒருவன் எல்லா வேலையும் செய்வான். பசித்தால் தட்டில் மாத்திரை கொண்டுவருவான். ஒரு மாத்திரை, ஒரு வேளைச் சாப்பாடு. வழியில் கப்பல் பழுதாகும். வானவேந்தன் உட்கார்ந்த இடத்திலேயே வசனம் பேசி அதைச் சரிசெய்துவிடுவார். வசனத்தால் எதுதான் சரியாகாது?

வானவேந்தன் வேஷம் வரதனுக்கு. ஊரில் பெரிய நிலக்காரர் முத்துகிருஷ்ணனின் மகன் அவன். அதனாலேயே, ஆசனத்துக்கு முத்துகிருஷ்ணன் தம் வீட்டுக் கூடத்திலிருந்து பிரம்பு பின்னிய கை வைத்த நாற்காலியைக் கொடுத்து அனுப்பினார். இரும்பு மனிதன் வேஷம் முனிரத்தினத்துக்கு. முனிரத்தினம் முத்துகிருஷ்ணன் வீட்டுப் படியாள். ஏரிக்கு அந்தப் பக்கத்துக் காலனியில் வீடு. என் வயசுக்காரன். அவனுடைய அப்பாவும் அந்த வீட்டில்தான் உழைத்தார், அவருடைய அப்பாவும். அந்த வீட்டு எசமான்களை 'ஆண்டே' என்றுதான் கூப்பிடுவார்கள். தகரத்தைச் சுமக்கப் பலம் வேண்டும் என்று அவனைப் பிடித்துப் போட்டார்கள். அவனுக்கு ஒரு குரல் உண்டு. ஏற்றம் இறைக்கும்போது அவன் பாடினால் ஆற்றுக்கு அந்தக் கரையில் மாகறலில் ஆட்கள் மண்வெட்டியை ஊன்றிவிட்டு நிற்பார்கள் என்று சொல்வார்கள். இரும்பு மனிதனுக்கு மொத்தமே நாலு வரி வசனம் என்பதால் அந்தக் குரலைப் பற்றி யாரும் யோசிக்கவில்லை.

எல்லாவற்றையும் கெடுத்தது, அல்லது நன்றாக்கியது, தகரம்தான். மண்ணெண்ணெய் டின்களைப் பிரித்து, வெட்டி, ஆணி அடித்து, நெஞ்சில் டார்ச் லைட் பல்பு வைத்து ஒத்திகைக்குக் கொண்டுவந்தார்கள். உரக் கிடங்கில்தான் ஒத்திகை. முதுகில் இருந்த பித்தானை அழுத்தியதும் நெஞ்சில் சிவப்பும் பச்சையுமாய் வெளிச்சம் எரிந்தது. பார்த்தவர்கள் எல்லாம் "ஆ" என்றார்கள். வரதன் வாயைத் திறந்தபடியே நின்றான். அவனுக்கு இருபது வயது. அந்த நிமிஷத்தில் ஐந்து வயது.

"கிருஷ்ணசாமி சார், எனக்கு இதான் வேணும்" என்றான்.

"நீ தலைவர் வேஷம்ப்பா. இது வேலைக்காரன் வேஷம்."

"லைட்டு எதுல கீது? இதுல தான? அப்ப எனக்கு இதான். தலைவர் வேசத்த முனிரத்தினத்துக்குக் குடுங்க. அவனுக்குத் தான் நல்லா தொண்ட கீது."

பெரிய வீட்டுப் பிள்ளை கேட்டுவிட்டால் இல்லை என்று சொல்ல முடியுமா? கிருஷ்ணசாமி தலையை ஆட்டினார். எல்லார் கண்ணும் பல்பில் இருந்ததால் வேறு எதுவும் யாருக்கும் தெரியவில்லை. மறுநாள் ஒத்திகையில்தான் தெரிந்தது.

முனிரத்தினம் நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு வசனத்தை ஆரம்பித்தான். எழுத்து தெரியாதவன், கிருஷ்ணசாமி படிக்கக் கேட்டே எல்லாவற்றையும் மனப்பாடம் செய்திருந்தான். குரல் கிடங்கின் ஓடுகளை அதிர வைத்தது. கிருஷ்ணசாமி சொக்கிப் போய்விட்டார். அப்போது தகரம் கடகடவென்று சத்தமிட வரதன் தட்டோடு உள்ளே வந்தான்.

"தலைவர் அவர்களே, மாத்திரை!"

முனிரத்தினம் பதறிப்போய்த் தோளில் இருந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டான். "நீங்க எதுக்கு சின்ன ஆண்டே தூக்கிக்கினு வர்றீங்க? குடுங்க, நான் எடுத்துக்கினு வரேன்" என்று தட்டை வாங்கிக்கொண்டான். வாங்கிய கையோடு, தட்டை இனி யாரிடம் கொடுப்பது என்று சுற்றுமுற்றும் பார்த்தான்.

கிருஷ்ணசாமி தலையில் கை வைத்தார். "யோவ் முனிரத்தினம்! ரெண்டாயிரத்துல ஆண்டே கிடையாதுய்யா!"

"அப்ப இவுரு யாரு சார்?"

"இரும்பு! மிசினு!"

"மேல தான் சார் இரும்பு. உள்ள எங்க சின்ன ஆண்டே தான கீறாரு?"

திரும்பத் திரும்ப நடத்திப் பார்த்தார்கள். வசனமெல்லாம் முத்து முத்தாக வரும். "அமர்ந்தான் வானவேந்தன்" என்ற இடம் வந்ததும் முனிரத்தினத்தின் முழங்கால் பாதி மடங்கும்; தகரச் சத்தம் கேட்டதும் நிமிர்ந்துவிடும். துண்டைப் பிடுங்கி வைத்தார்கள். அப்போதும் கை தோளுக்குப் போய், இல்லாத துண்டைத் தேடி எடுத்து, கக்கத்தில் வைத்துக்கொண்டது. தகரத்துக்குள் வரதன் வெந்துகொண்டிருந்தான். "டேய் முனிரத்தினம், சீக்கிரம் குந்துடா. வேர்த்து ஊத்துது. நீ குந்தினா தான் நான் வெளிய போவ முடியும்" என்று கெஞ்சினான்.

முனிரத்தினத்துக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு அவன் மனைவி செங்கேணி கிடங்கு வாசலுக்கு வருவாள். நாற்று நடும் பெண்களில் அவள்தான் முன்னால் நிற்கிறவள். வேலையிலும் முன்னால், வாயிலும் முன்னால். வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தவள் ஒருநாள் கிருஷ்ணசாமியைக் கேட்டாள்.

"ஏன் சார், ரெண்டாயிரத்துல சோறே கெடையாதா?"

"மாத்திரைம்மா. ஒண்ணு போட்டா போதும்."

"அப்ப நெல்லு?"

"வேணாம்."

"நாத்து நடறது?"

"எதுக்கு? எல்லாத்தையும் மிசினு பாத்துக்கும்."

"அப்ப நாங்க இன்னா பண்ணிக்கினு இருப்போம்?"

கிருஷ்ணசாமி சந்தோஷமாகக் கையை விரித்தார். "சும்மா குந்திக்கினு இருப்பீங்கம்மா!"

செங்கேணி நாற்காலியைப் பார்த்தாள். அதன் பக்கத்தில் நிற்கிற புருஷனைப் பார்த்தாள். "எதும்மேல சார்?" என்று கேட்டாள்.

அவ்வளவு நேரம் சிரித்துக்கொண்டிருந்த நான் அத்தோடு நிறுத்திக்கொண்டேன். தாத்தாவின் வருங்காலத்தில் மனிதன் குட்டையானான், அப்பாவின் வருங்காலத்தில் பறந்தான், எங்கள் வருங்காலத்தில் சந்திரனுக்கே போகிறான். எல்லா வருங்காலத்திலும் முனிரத்தினம் மட்டும் ஓரமாக நின்றுகொண்டிருக்கிறான். எனக்கு எரிச்சலாக வந்தது. நான் எரிச்சல்காரன்தான், ஆனால் அன்றைக்கு யார்மேல் எரிச்சல் என்று தெரியாமல் எரிச்சல்பட்டேன்.

வானவேந்தனுக்கு நீல டிரில் துணியில் கால்சட்டையும் கோட்டும் தைத்துக் கொடுத்தேன். தோளில் துண்டு நிற்காதபடி கோட்டின் தோளை நன்றாகச் சரித்து வெட்டியிருந்தேன். அது என் யோசனை, கொஞ்சம் பெருமைதான். முனிரத்தினம் போட்டுப் பார்த்துவிட்டு முகமெல்லாம் சிரிப்பாகக் கிருஷ்ணசாமியிடம் போனான்.

"சார், பேண்ட்டு டைட்டா கீது. குந்தினா கிழிஞ்சிடும். நான் நின்னுக்கினே சொல்லிடறேன்."

அவன் முகத்தில் அப்படி ஒரு நிம்மதியை நான் பார்த்ததில்லை.

மறுநாள் காலை செங்கேணி அந்தக் கால்சட்டையைச் சுருட்டிக் கையில் பிடித்துக்கொண்டு என் கடைக்கு வந்தாள். பின்னால் தயங்கித் தயங்கி முனிரத்தினம்.

"டெய்லரண்ணா, என் புருசனுக்கு நிக்கற பேண்ட்டு தைச்சி கீறீங்க. குந்தற பேண்ட்டு தைச்சிக் குடுங்க."

"பேண்ட்டுல நிக்கறது குந்தறதுன்னு இன்னாமா கீது?"

"டெய்லரு நீங்களா நானா?"

வாங்கிப் பார்த்தேன். அவள் சொன்னது சரி. நின்றால் ஒரு அளவு, உட்கார்ந்தால் ஒரு அளவு. உட்காரும்போது தொடை அகலும், பின்பக்கம் துணி கேட்கும். யாருக்குக் கால்சட்டை தைத்தாலும் நான் பின்னால் தாராளமாகத் துணி விடுவேன். முனிரத்தினத்துக்கு விடவில்லை. வேண்டுமென்று செய்யவில்லை, கத்தரிக்கோல் தானாக அப்படிப் போயிருக்கிறது. அவன் எங்கேயும் உட்கார்ந்து என் கத்தரிக்கோல் பார்த்ததில்லை.

"சரி, மறுபடி அளவு எடுக்கறேன். உள்ள வந்து குந்து" என்று என் முக்காலியைக் காட்டினேன். அது மெஷினுக்கு முன்னால் நான் போட்டுக்கொள்கிற மாமர முக்காலி. ஒரு கால் கொஞ்சம் குட்டை.

முனிரத்தினம் தெருவிலேயே நின்றான். "தரையில குந்தறேன் டெய்லரே. அதே அளவு தான?"

"தரைக்கும் முக்காலிக்கும் ஒரே அளவுன்னு எவன் சொன்னான்?"

அவன் அசையவில்லை. கடைசியில் நானே முக்காலியில் உட்கார்ந்துகொண்டேன். டேப்பைச் செங்கேணி கையில் கொடுத்து என்னையே அளக்கச் சொல்லி, அவன் பருமனுக்குத் தக்கபடி கூட்டிக்கொண்டேன். இத்தனை வருஷத் தொழிலில் டெய்லர் தன்னையே அளந்துகொண்டு இன்னொருவனுக்குத் தைத்தது அன்றைக்குத்தான்.

"இன்னாயா பயம் உனக்கு?" என்றேன். "நாடகம் தான?"

"நாடகம் விளக்கு அணைஞ்சா முடிஞ்சிடும் டெய்லரே. விடிஞ்சா நான் ஆண்டே வூட்டுக் களத்துல நிக்கணும். மடை தொறக்க வேற ஆள வச்சிட்டாருன்னா பசங்களுக்கு இன்னா போடுவேன்?" என்றான். பிறகு குரலைத் தணித்துக்கொண்டான். "எனக்கு ஆசை இல்லன்னு நெனைக்காத. வயல்ல யாரும் இல்லாத நேரம் வரப்பு மேல அந்தத் தலைவரு மாதிரி குந்திப் பாக்கறேன். நல்லா தான் கீது."

செங்கேணி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அடுத்த நிமிஷமே நிமிர்ந்தாள். "எங்க மாமனாரு நின்னாரு, சரி. இவுரு நிக்கறாரு, சரி. ரெண்டாயிரம் வருசத்துலயுமா என் புருசன் நிக்கணும்? அதுக்கு எதுக்கு ரெண்டாயிரம்? இதுவே போதுமே!"

நான் தையலைப் பிரித்தேன். பின்பக்கம் ஒரு கை அகலத்துக்குத் துணி கொடுத்தேன். ஒரு மந்திரிக்குக்கூட அவ்வளவு கொடுத்திருக்க மாட்டேன்.

ஊரில் காதுகளுக்கா பஞ்சம்? விழாவுக்கு முந்தின நாள் முத்துகிருஷ்ணன் யூனியன் ஆபீசுக்கு வந்தார். வெள்ளை வேட்டி, கையில் குடை. சத்தம் போடுகிறவர் இல்லை. சத்தம் போடாததாலேயே எல்லாருக்கும் அவரிடம் பயம். கிருஷ்ணசாமிக்குச் சட்டை அளவு எடுக்கப் போயிருந்த நான் டேப்பும் கையுமாக ஒதுங்கி நின்றேன்.

"கிருஷ்ணசாமி, நாடகத்துல நம்ம முனிரத்தினம் குந்திக்கினு கீறானாம், வரதன் அவனுக்குத் தட்டு தூக்கறானாமே?"

கிருஷ்ணசாமி கையைக் கட்டிக்கொண்டார். "ஐயா... அது இப்ப நடக்கறது இல்லைங்க. ரெண்டாயிரத்துல நடக்கறது."

"ரெண்டாயிரம்னா, இன்னும் எவ்ளோ நாள் கீது?"

"முப்பத்தொன்பது வருசம் கீதுங்க."

முத்துகிருஷ்ணன் விரலை மடக்கித் தம் வயதைக் கூட்டிப் பார்த்த மாதிரி இருந்தது. "ஓகோ" என்றார். குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். கிருஷ்ணசாமி என்னைப் பார்த்து வெற்றிச் சிரிப்பு சிரித்தார். பூனை போய்விட்டது என்று எலி சிரிக்கிற சிரிப்பு.

விழா அன்று சாயங்காலம் பள்ளிக்கூட மைதானத்தில் மேடை கட்டி, பெட்ரோமாக்ஸ் ஏற்றியாகிவிட்டது. தென்னேரியிலிருந்தெல்லாம் ஆட்கள் வண்டி கட்டி வந்திருந்தார்கள். மேடைக்கு இடப்பக்கம் காலனி ஜனங்கள், வலப்பக்கம் ஊர் ஜனங்கள், நடுவில் யாரும் போடாத ஒரு கோடு. அப்போதுதான் பெரிய வீட்டு ஆள் ஒருவன் மேடைக்குப் பின்னால் வந்தான்.

"ஐயா நாற்காலிய எடுத்தாரச் சொன்னாரு. முன் வரிசையில போட்டுக் குந்தி நாடகம் பாக்கணுமாம்."

அவ்வளவுதான். வேண்டாம் என்று ஒரு வார்த்தை இல்லை, கோபம் இல்லை. அவர் நாற்காலி, அவர் கேட்கிறார். தூக்கிக்கொண்டு போய் முன்னால் போட்டான். முத்துகிருஷ்ணன் அதில் வந்து உட்கார்ந்து குடையை மடியில் வைத்துக்கொண்டார்.

கிருஷ்ணசாமி வெளுத்துப் போய்விட்டார். "விடு, பேஜார் வேணாம். தலைவர் நின்னுக்கினே போவட்டும். சந்திரன் எங்க ஓடிடப் போவுது?"

முனிரத்தினம் தலையைக் குனிந்துகொண்டு "சரி சார்" என்றான். பித்தான் மாட்டிய நீலக் கோட்டில் அவன் ராஜா மாதிரி இருந்தான். படுதா ஓரமாக எட்டிப் பார்த்தேன். காலனிப் பக்கத்தில் முதல் வரிசையில் செங்கேணி இரண்டு பிள்ளைகளையும் மடியில் இழுத்து வைத்துக்கொண்டு, மேடையை விழுங்குகிற மாதிரி பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு நாள் உட்கார்ந்து உட்காருகிற கால்சட்டை தைத்திருக்கிறேன். தைத்தது வீணாகப் போக விடுவேனா?

கடைக்கு ஓடினேன். முக்காலியைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு திரும்பி ஓடி வந்தேன். மிச்சமிருந்த ஜிகினாத் தாளை அதன்மேல் சுற்றி, குட்டைக் காலுக்குக் கீழே ஒரு ஓட்டுத் துண்டு கொடுத்து மேடை நடுவில் வைத்தேன்.

"டெய்லரே, இது ஆகாயக் கப்பல் ஆசனமாய்யா?" என்றார் கிருஷ்ணசாமி.

"ரெண்டாயிரத்துல இப்படித்தான் சார் இருக்கும். நீங்க போய்ப் பாத்தீங்களா?"

படுதா விலகியது. முனிரத்தினம் முக்காலிக்குப் பக்கத்தில் நின்று முதல் வசனத்தை எடுத்தான். "வானமே கேள்! நான் வானவேந்தன்!" குரல் போய் ஏரிக்கரைப் பனைமரத்தில் இடித்துத் திரும்பியது. மைதானத்தின் இடப்பக்கமும் வலப்பக்கமும் சேர்ந்தே கை தட்டினார்கள். சந்திரனைப் பற்றிப் பேசினான், காற்றில்லாத வெளியைப் பற்றிப் பேசினான், எல்லாம் பார்த்துவிட்டு வந்தவன் மாதிரி. "அமர்ந்தான் வானவேந்தன்" என்ற இடம் வந்தது. முழங்கால் மடங்க ஆரம்பித்தது.

கடகடவென்று தகரம் உள்ளே வந்தது. நெஞ்சில் சிவப்பு, பச்சை. ஜனங்கள் "ஓ" என்று கத்தினார்கள்.

முனிரத்தினம் நிமிர்ந்துவிட்டான். கை தோளுக்குப் போனது. அங்கே துண்டு இல்லை. சரிவாக வெட்டிய கோட்டில் கை வழுக்கிக் கீழே வந்தது. முன் வரிசையில் முத்துகிருஷ்ணன் குடையைப் பிடித்தபடி அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். செங்கேணியின் உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை.

தகரத்துக்குள்ளிருந்து வரதனின் குரல் வந்தது. "தலைவர் அவர்களே, அமருங்கள்."

அப்படி ஒரு வசனம் நாடகத்தில் இல்லை. கிருஷ்ணசாமி திடுக்கிட்டு என்னைப் பார்த்தார்.

"தலைவர் அவர்களே, அமருங்கள்" என்றது தகரம் மறுபடியும். கொஞ்சம் நிறுத்தி, "அமருங்கள். அமருங்கள். அமருங்கள்." இசைத்தட்டு கீறிப்போன மாதிரி அதையே சொன்னது. ஜனங்கள் மிசின் கெட்டுப்போய்விட்டது என்று நினைத்துச் சிரித்தார்கள். எனக்குத் தெரியும். இத்தனை நாள் தட்டைத் தூக்கித் தூக்கிக் கை வலித்து, வேர்த்து, உள்ளே இருந்தவனுக்கு ஏதோ ஒன்று புரிந்திருந்தது. வெந்தால்தானே சோறு.

முனிரத்தினம் தகரத்தைப் பார்த்தான். பெரியவரைப் பார்க்கவில்லை. உட்கார்ந்தான்.

அரைகுறையாக இல்லை. முக்காலி நிறைய, கால் அகட்டி, கையைத் தொடைமேல் ஊன்றி, வரப்பில் பழகிய மாதிரியே உட்கார்ந்தான். தையல் விடவில்லை. காலனிப் பக்கத்திலிருந்து எழுந்த விசிலில் பெட்ரோமாக்ஸ் அணைந்துவிடும் போலிருந்தது. செங்கேணி சின்னப் பிள்ளையைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டினாள். அது அழ ஆரம்பித்தது.

"தலைவர் அவர்களே, மாத்திரை" என்று வரதன் தட்டை நீட்டினான்.

முனிரத்தினம் மாத்திரையை எடுத்தான். விரலில் உருட்டிப் பார்த்தான். அவன் மனதில் என்ன ஓடியதோ, கிருஷ்ணசாமி எழுதியது எதுவும் வாயில் வரவில்லை.

"இது இன்னாத்துக்கு ஆவும்? சோறு எடுத்தா. ரெண்டு பேருக்கும் எடுத்தா. நீயும் வந்து குந்து, சாப்பிடலாம்."

வரதன் தட்டைக் கீழே வைத்தான். முக்காலிக்குப் பக்கத்தில் உட்காரக் குனிந்தான். தகரம் கிரீச்சிட்டது. இன்னொரு தரம் முயன்றான். இடுப்பில் ஆணி அடித்தவன் மடங்குவதற்கு வழியே விடவில்லை. தகரத்துக்குள்ளிருந்து பரிதாபமான குரல், மிசின் குரல் இல்லை, சொந்தக் குரல், மைதானம் முழுக்கக் கேட்டது.

"குந்த முடியலண்ணா. தகரம் மடங்கல."

நேற்று வரைக்கும் 'டேய்' என்று கூப்பிட்டவன். அது தன் வாயில் வந்தது அவனுக்கே தெரிந்ததோ இல்லையோ. முனிரத்தினத்துக்குத் தெரிந்தது. கண் கலங்கி, அதே நேரத்தில் சிரிப்பும் வந்துவிட்டது அவனுக்கு. "பரவால்ல, நின்னுக்கினே துன்னு" என்றான்.

அப்போது எல்லாரும் முத்துகிருஷ்ணனைத்தான் திரும்பிப் பார்த்தார்கள். கொஞ்ச நேரம் அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு வயிறு குலுங்கியது. "தகரம் மடங்கலையாம்!" என்று தமக்குத் தாமே சொல்லிக்கொண்டு, குடையைத் தரையில் தட்டித் தட்டிச் சிரித்தார். அவர் சிரித்த பிறகு வலப்பக்கம் முழுக்கச் சிரித்தது. இடப்பக்கம் அதற்கு முன்னாலேயே சிரிக்க ஆரம்பித்துவிட்டது. கப்பல் பழுதானதும், சரியானதும், சந்திரனில் இறங்கியதும் யாருக்கும் நினைவில்லை.

நாடகம் முடிந்து முத்துகிருஷ்ணன் மேடைப் பக்கம் வந்தார். முனிரத்தினம் படக்கென்று எழுந்து நின்றான். கிருஷ்ணசாமி அவனுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டார்.

"ரெண்டாயிரத்துக்கு இன்னும் நாள் கீதுடா" என்றார் பெரியவர். "காலையில மேலண்ட மடையத் தொறக்கணும். வந்துடு, மறந்துடாத." ஒரு எட்டு வைத்துவிட்டுத் திரும்பினார். "நல்லா பேசின."

முனிரத்தினம் விட்ட மூச்சு எனக்குக் கேட்டது. வேலை போகவில்லை. அது மட்டும் போதுமா என்று கேட்டால், போதாதுதான். ஆனால் அன்றைக்குச் செங்கேணி புருஷனின் நீலக் கோட்டுக் கையைப் பிடித்துக்கொண்டு, ஊர்த் தெரு நடுவிலேயே காலனிக்கு நடந்து போனாள். யாரும் ஒதுங்கிப் போகச் சொல்லவில்லை. எல்லாரும் 'வானவேந்தன், வானவேந்தன்' என்று பிள்ளைகள் மாதிரி பின்னால் கத்திக்கொண்டு போனார்கள்.

மறுநாள் நாஷ்டா வேளைக்கு, மடையைத் திறந்துவிட்டுச் சேற்றுக் காலோடு முனிரத்தினம் என் கடைக்கு வந்தான். கோட்டும் கால்சட்டையும் ஒழுங்காக மடித்துக் கையில் இருந்தன. நான் யாரோ ஒருவர் சட்டைக்குப் பித்தான் துளையிட்டுக் காஜா எடுக்க நூல் கோத்துக்கொண்டு நின்றிருந்தேன். ஜிகினாத் தாள் இன்னும் பிரிக்காத முக்காலி மெஷினுக்கு முன்னால் காலியாக இருந்தது.

எப்போதும் நிற்கிற இடத்தில், தெருவோரமாக, அவன் கொஞ்ச நேரம் நின்றான். முக்காலியைப் பார்த்தான். பிறகு சேற்றுக் காலை வாசல் கல்லில் தேய்த்துவிட்டு உள்ளே வந்து, அதில் உட்கார்ந்துகொண்டான். துணியை மடியில் வைத்துக்கொண்டான். குட்டைக் காலுக்கு ஓட்டுத் துண்டு இல்லாததால் முக்காலி ஒரு ஆட்டம் ஆடி நின்றது.

"இன்னாயா," என்றேன், "ரெண்டாயிரம் வந்துட்ச்சா?"

"பெரிய ஆண்டேக்கு இன்னும் நாள் கீதாம் டெய்லரே" என்று சிரித்தான். "எனக்கு நேத்தே வந்துட்ச்சி. பஸ்ஸு மாதிரியா? ஆகாயக் கப்பலாச்சே."

எழுந்திருக்கிற எண்ணம் அவனுக்கு இருப்பதாகத் தெரியவில்லை. எழுந்திரு என்று சொல்ல எனக்கும் வாய் வரவில்லை. அன்றைக்குக் காலை முழுக்க நான் நின்றுகொண்டேதான் காஜா எடுத்தேன்.